கும்பிடுபூச்சிக்குத் தேன் கொடுக்கலாமா?

கும்பிடுபூச்சி தேனை நக்கும். பழுத்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் கொறிக்கும். சர்க்கரைத் தண்ணீரையும் வேண்டாமென்று சொல்லாது. இதையெல்லாம் நானே கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அதனால், புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்கள் "இவ்வளவு ஆசையாகக் குடிக்கிறதே, தினமும் ஒரு சொட்டு வைத்தால் என்ன?" என்று கேட்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருப்பதில்லை. என் பதில் எப்போதும் ஒன்றுதான். தினமும் வேண்டாம். சில நெருக்கடிகளில் மட்டும், அதுவும் நன்றாக நீர்க்கக் கலந்து கொடுக்கலாம். மற்ற நாட்களில் அந்தத் தேனை ஈக்குக் கொடுங்கள். ஈயைப் பூச்சிக்குக் கொடுங்கள்.

அது ஏன் நக்குகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். பல்குச்சி நுனியில் ஒரு சொட்டு தேன்நீரை எடுத்து மெதுவாக அதன் வாய்க்குக் கீழே கொண்டுபோனால், முதலில் தலையைப் பின்னால் இழுக்கும். கோபக்காரப் பூச்சியாக இருந்தால் முன்னங்காலால் குச்சியை ஒரு தட்டு தட்டும். சொட்டு வாயில் பட்டதும் சட்டென்று நிதானமாகிவிடும். வாயைச் சுற்றியுள்ள குட்டையான உணர்விழைகள் சொட்டைத் தொட்டுத் தொட்டுச் சுவை பார்க்கும். தாடைகள் மேலும் கீழுமாக இல்லாமல் பக்கவாட்டில் திறந்து மூடும். கண்ணெதிரே சொட்டு சுருங்கிக்கொண்டே வரும். குடித்து முடித்ததும் குச்சியின் நுனியையும் இரண்டு கடி கடித்துப் பார்த்துவிட்டு, முன்னங்கால்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிடும்.

பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதே பூச்சிக்கு இன்னொரு நாள் வெறும் தண்ணீர்ச் சொட்டைக் கொடுத்துப் பாருங்கள். அதே உணர்விழைகள், அதே தாடைகள், அதே வேகம். பல நேரம் நாம் இனிப்பு ஆசை என்று நினைப்பது வெறும் தாகம். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் கும்பிடுபூச்சி தேடிப் போய்க் குடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இலையிலும் வலையிலும் நிற்கும் துளிகளைத்தான் அது குடித்துப் பழகியிருக்கிறது. ஸ்ப்ரே அடிக்காமல் விட்ட கூண்டில் இருக்கும் பூச்சி எந்த ஈரத்தைக் கண்டாலும் பாயும். அதனால் "தேன் கொடுக்கலாமா" என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது, கடைசியாக எப்போது தண்ணீர் தெளித்தீர்கள் என்பதைத்தான். பாதிப் பேருடைய சிக்கல் அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

காட்டிலும் தோட்டத்திலும் கும்பிடுபூச்சியைப் பூக்கள் மேல் பார்க்கிறோம். அது தேன் குடிக்க வந்திருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வந்திருப்பது தேன் குடிக்க வருபவர்களுக்காக. ஆர்க்கிட் கும்பிடுபூச்சியின் குஞ்சு பூவைப் போன்ற உடம்போடு உட்கார்ந்து தேனீக்களையும் ஈக்களையும் தன் பக்கம் வரவழைக்கிறது. ரீங்காரச்சிட்டு என்ற குட்டிப் பறவைகளுக்காக (ஹம்மிங்பேர்ட்) தோட்டத்தில் தொங்கவிடும் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளிலும் பெரிய கும்பிடுபூச்சிகள் வந்து உட்காருவதுண்டு. அங்கே அவை குறிவைப்பது குடுவையை இல்லை, சிட்டை! கும்பிடுபூச்சிகள் பறவைகளைப் பிடித்த நிகழ்வுகளை 2017-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை தொகுத்தது. 13 நாடுகளில் இருந்து 147 நிகழ்வுகள், 12 வகைக் கும்பிடுபூச்சிகள். பெரும்பாலானவற்றில் மாட்டிக்கொண்டவை ரீங்காரச்சிட்டுகள்தான். சர்க்கரைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்கில் தொங்கிக்கொண்டு, அதைத் தொடாமல் பறவைக்குக் காத்திருக்கும் பிராணி எதைச் சாப்பாடு என்று நினைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு?

அசைவதுதான் அதற்கு உணவு. இரண்டு பெரிய கூட்டுக்கண்கள், நடுவில் மூன்று சிறு கண்கள், தூரத்தைக் கணிக்கும் இருகண் பார்வை எல்லாம் அசைவைப் பிடிப்பதற்காக அமைந்தவை. தட்டில் வைத்த தேனோ பழத்துண்டோ அதன் பார்வையில் தரையின் ஒரு பகுதி. நாம் குச்சியில் எடுத்து வாயில் தொட்டால்தான் அது இருப்பதே அதற்குத் தெரியும். கூண்டின் மூலையில் தேன் தட்டு வைத்துவிட்டு "சாப்பிடவே மாட்டேன் என்கிறது" என்று வருத்தப்படுபவர்களுக்கு இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தத் தட்டைச் சாப்பிட எறும்பு வரும்.

சரி, சத்துக் கணக்குக்கு வருவோம். 100 கிராம் தேனில் சுமார் 82 கிராம் சர்க்கரை, 17 கிராம் தண்ணீர். புரதம் வெறும் 0.3 கிராம். வாழைப்பழத்தில் முக்கால்வாசி தண்ணீர். 100 கிராமுக்கு 12 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் புரதம். இரையாகப் போடும் சுவர்க்கோழி (கிரிக்கெட் பூச்சி) ஒன்றைக் காயவைத்து நிறுத்தால் அந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். கும்பிடுபூச்சியின் வாழ்க்கை முழுக்கப் புரதத்தில் ஓடுகிறது. ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் புதுத் தோலை முழுசாகக் கட்டவேண்டும். தசை வளரவேண்டும். பெண் பூச்சி வயிறு நிறைய முட்டைகளைத் தயாரித்து, அவற்றைச் சுற்றி நுரையால் ஒரு கூடும் கட்டவேண்டும். அந்த நுரைக்கூடும் புரதம்தான். இதில் எதையும் வெறும் சர்க்கரையை மட்டும் வைத்துச் செய்ய முடியாது.

"சக்திக்குச் சர்க்கரை வேண்டாமா?" என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் அது இரையிலேயே இருக்கிறது. பூச்சிகளின் இரத்தத்தில் ஓடும் முக்கியமான சர்க்கரை ட்ரெஹலோஸ். ஈயின் உடம்பிலும் கரப்பானின் உடம்பிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. கும்பிடுபூச்சி ஈயைக் கடித்துத் தின்னும்போது புரதம், கொழுப்பு, தண்ணீர் இவற்றோடு அந்தச் சர்க்கரையும் உள்ளே போகிறது. அந்த ஈ சற்றுமுன் தேன் குடித்திருந்தால் அதன் வயிற்றில் இருக்கும் தேனும் சேர்ந்து போகிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இதைக் கேள்விப்பட்டுத்தான் சிலர் "கும்பிடுபூச்சியும் சைவம் சாப்பிடும்" என்கிறார்கள். சீனக் கும்பிடுபூச்சியின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்த புதிதில் மகரந்தம் தின்னும் என்றும், இரை கிடைக்காத வேளையில் அது அவற்றைத் தாக்குப்பிடிக்க வைக்கும் என்றும் 2003-ல் ஓர் ஆய்வு காட்டியது. உண்மைதான். ஆனால் மகரந்தத்தில் புரதம் இருக்கிறது. தேனையும் மகரந்தத்தையும் "பூவிலிருந்து வருவது" என்று ஒரே கணக்கில் சேர்க்கக் கூடாது. குஞ்சுகள் நிறையப் பொரித்து, பழ ஈ வளர்ப்பு இன்னும் தயாராகாத நாட்களில் நான் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி மகரந்தத் தூளைத் தொட்டு வைப்பதுண்டு. எல்லாக் குஞ்சும் தொடாது. சில தொடும். அதற்கு மேல் அதிலிருந்து எதிர்பார்ப்பதில்லை.

தினமும் இனிப்புக் கொடுப்பதில் நான் கண்ட பெரிய தொந்தரவு, அது வளர்ப்பவரின் கண்ணை ஏமாற்றிவிடுகிறது என்பது. பூச்சியின் பசியை நாம் வயிற்றைப் பார்த்துத்தான் கணிக்கிறோம். தட்டையாக, கீழ்ப்பக்கம் ஒட்டிப்போயிருந்தால் பசி. உருண்டிருந்தால் போதும், விட்டுவிடலாம். சர்க்கரைத் தண்ணீர் குடித்த வயிறும் உருண்டுதான் இருக்கும். வயிறு நிரம்பிய பூச்சி வேட்டையில் அக்கறை காட்டாது. எதிரே ஈ பறந்தாலும் தலையை மட்டும் திருப்பிவிட்டு நின்றுவிடும். நாமும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறது என்று நினைத்து இரை போடாமல் விடுவோம். குஞ்சாக இருந்தால் அடுத்த தோலுரிப்பு தள்ளிக்கொண்டே போகும். எச்சத்தைப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். நல்ல இரை தின்னும் பூச்சியின் எச்சம் உலர்ந்த சின்னக் கட்டியாக விழும். இனிப்பு அதிகமானால் ஈரமாக, கூண்டின் சுவரில் கறை பிடிக்கிற மாதிரி வரும்.

இப்போது, எப்போது கொடுக்கலாம் என்பதற்கு வருகிறேன்.

என்னிடம் இருந்த ஒரு வயதான பெண் பூச்சியை வைத்துச் சொன்னால் எளிதாக இருக்கும். முட்டைக்கூடுகள் வைத்து ஓய்ந்துபோயிருந்தாள். வயதான கும்பிடுபூச்சிகளுக்கு வருவதெல்லாம் அவளுக்கும் வந்திருந்தது. கண்களில் கருப்புத் திட்டுகள், பாத நுனிகள் உதிர்ந்துபோய் வலையில் பிடிப்பு இல்லாமை, மந்தமான முன்னங்கால்கள். ஈயைப் பார்ப்பாள், குறிவைப்பாள், முன்னங்கால் பாதி தூரம் போய் நின்றுவிடும். ஈ தப்பிவிடும். இப்படிப்பட்ட பூச்சிக்கு ஒரு சொட்டு தேன்நீர் நல்ல உதவி. குடித்துக் கொஞ்ச நேரத்தில் தலையைத் திருப்புவதிலும் உணர்கொம்பை அசைப்பதிலும் ஒரு தெம்பு தெரியும். ஆனால் நான் அத்தோடு விடவில்லை. அந்தத் தெம்பு இருக்கும்போதே, தலை நீக்கிய ஓர் ஈயை இடுக்கியில் பிடித்து, வெட்டுப்பட்ட ஈரமான பக்கத்தை வாயில் தொட்டேன். கடிக்க ஆரம்பித்ததும் முன்னங்கால்கள் தானாக வந்து ஈயைப் பிடித்துக்கொண்டன. இடுக்கியை விட்டேன். கடைசி நாட்கள் வரை அவள் அப்படித்தான் சாப்பிட்டாள். அந்த நாட்களில் தேன்நீரின் வேலை பசியைத் தூண்டுவது. வயிற்றை நிரப்பியது ஈ.

வேறு சில சந்தர்ப்பங்களும் உண்டு. தோலுரிக்கும்போது முன்னங்கால் கோணிப்போன குஞ்சு, இரையைப் பிடிக்க முடியாமல் பட்டினி கிடக்கும். பெட்டியில் அடைத்து நெடுந்தூரம் கொண்டுவந்த பூச்சி சோர்ந்துபோய் நிற்கும். இவற்றுக்கெல்லாம் முதலில் தண்ணீர், அது போதாவிட்டால் தேன்நீர், அப்புறம் கையால் ஊட்டிய இரை. இந்த வரிசையை மாற்றுவதில்லை. இரையைக் கடிக்கத் தயங்கினால் வெட்டுப்பட்ட இடத்தில் ஊசி முனையளவு தேனைத் தடவுவேன். பெரும்பாலும் அந்த முதல் கடிக்குத்தான் தயக்கம். அதைத் தாண்டிவிட்டால் பிறகு இரையின் சுவையே இழுத்துக்கொள்ளும்.

ஆண் பூச்சிகள் கொஞ்சம் தனி ரகம். வளர்ந்த ஆண் மெலிந்த உடம்போடு, பெண்ணைத் தேடிப் பறப்பதிலேயே குறியாக இருக்கும். சாப்பாட்டில் நாட்டம் குறைவு. இரையை மறுத்துக்கொண்டே பறந்து பறந்து கூண்டில் மோதும் ஆணுக்கு ஒரு சொட்டு தேன்நீர் கொடுப்பதை நான் தவறாக நினைக்கவில்லை. பறப்பதற்குச் சர்க்கரைதான் சட்டென்று கிடைக்கும் எரிபொருள். அவன் இனித் தோலுரிக்கப் போவதுமில்லை, முட்டை வைக்கப் போவதுமில்லை.

வாந்தி எடுக்கும் பூச்சி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். வாயிலிருந்து கருப்பாகவோ பழுப்பாகவோ நாற்றமுள்ள திரவம் வந்தால், "தேன் கிருமியைக் கொல்லும், கொடு" என்பார்கள். தேன் காயங்களில் பாக்டீரியாவைத் தடுக்கும் என்பது தெரிந்த விஷயம். அதை வைத்துக்கொண்டு பூச்சியின் குடலிலும் அப்படியே வேலை செய்யும் என்று முடிவுகட்டக் கூடாது. அப்படி ஒரு பூச்சிக்கு நான் செய்வது: வாயை ஈரப் பிரஷால் துடைப்பேன். இரையை நிறுத்துவேன். கூண்டைக் கழுவிக் காற்றோட்டமாக வைப்பேன். தண்ணீர் மட்டும் கொடுப்பேன். இரண்டொரு நாளில் வாந்தி நின்று பூச்சி தளர்ந்திருந்தால் நீர்த்த தேன், அதன் பிறகு வேறு வகை இரை. வாந்திக்குக் காரணமோ என்று சந்தேகப்படும் சுவர்க்கோழிக் கூட்டத்திலிருந்து மறுபடி இரை எடுப்பதில்லை.

கொடுக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தைகள். தேனை அப்படியே கொடுக்காதீர்கள். அது மிகவும் கெட்டி, தண்ணீர் மிகக் குறைவு. ஏற்கெனவே நீர் வற்றிப்போன பூச்சிக்கு முதலில் தேவைப்படுவது நீர்தானே? நான் ஒரு பங்கு தேனுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலக்கிறேன். குஞ்சுகளுக்கு இன்னும் நீர்க்க. கலக்குவதற்காகத் தேனைச் சூடாக்கவேண்டியதில்லை. அறை வெப்பத்திலேயே கரைந்துவிடும். சூடாக்கினால் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரல் என்ற பொருள் தேனில் கூடுகிறது. அது தேனீக்களுக்கே நஞ்சு.

பல்குச்சியின் நுனியைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்ளுங்கள், அல்லது மெல்லிய பெயின்ட் பிரஷ் போதும். சொட்டைக் கீழிருந்து கொண்டுபோகவேண்டும். மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பறவை மாதிரி, மிரண்டு ஓடும். பெரிய பூச்சிக்கு ஒரு சொட்டு, குஞ்சுக்குக் குச்சி நுனியில் ஒட்டும் ஈரம், அவ்வளவுதான். தலையைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடவேண்டும். வாயில் திணிக்கக் கூடாது. ஸ்ப்ரே பாட்டிலில் தேன்நீரை ஊற்றிக் கூண்டு முழுக்க அடிப்பது கண்டிப்பாக வேண்டாம். கும்பிடுபூச்சி மூச்சு விடுவது உடம்பின் பக்கவாட்டில் உள்ள சிறு துளைகள் வழியாக. அங்கே பிசுக்கு படிவது நல்லதல்ல. முன்னங்காலின் தொடைப் பகுதியில் உள்பக்கமாக ஒரு சின்ன முடித்தூரிகை இருக்கும். அதைக்கொண்டுதான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அதில் தேன் காய்ந்துவிட்டால், துடைக்கத் துடைக்கத் தூசியைக் கண்ணில் அப்பிக்கொள்ளும். அதனால் தேன்நீர் குடித்து முடித்ததும் ஒரு சொட்டு வெறும் தண்ணீரையும் வாயில் தொட்டுவிடுவேன். முன்னங்காலில் ஒட்டியிருந்தால் ஈரப் பிரஷால் ஒரு தடவு. பூச்சிக்குப் பிடிக்காது, திமிறும். பரவாயில்லை.

இனி, தேன் கையில் இருப்பவர்கள் அதிகம் சிக்கலில் மாட்டுகிற இடம்: தோலுரிப்பு. தோலுரிக்கப் போகும் பூச்சி சாப்பாட்டை நிறுத்திவிடும். சின்னக் குஞ்சுகள் ஓரிரு நாள், பெரியவை இன்னும் அதிக நாள். கூண்டின் மேல்பக்கம் தலைகீழாகத் தொங்கும், அசையாது, இரை மேலே ஏறினால்கூட விலகிப்போகும். கடைசித் தோலுரிப்பாக இருந்தால் முதுகில் இருக்கும் இறக்கை மொட்டுகள் தடித்துப் புடைத்திருக்கும். இதையெல்லாம் கவனிக்காதவர் கண்ணுக்கு அது சீக்குப் பிடித்த பூச்சி. உடனே பல்குச்சியும் தேனும் வந்துவிடும். தொங்கும் பூச்சியைக் கலைத்துக் கீழே இறக்கி வாயில் தேனைத் தடவினால், தோலுரிப்பு நடுவில் தடைபட்டுக் கால்கள் பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம், அல்லது பூச்சி கீழே விழுந்து கோணிப்போகலாம். சாப்பிடாத பூச்சியைப் பார்த்ததும் முதலில் வயிற்றைப் பாருங்கள். வயிறு உருண்டிருந்து, அது மேலே தொங்கிக்கொண்டிருந்தால், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவதே வைத்தியம். கூண்டில் உள்ள சுவர்க்கோழிகளை வெளியே எடுத்துவிடுங்கள், அவை தோலுரிக்கும் பூச்சியைக் கடித்துவிடும். ஈரப்பதத்துக்கு லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும். உரித்த பிறகும் தோல் இறுகும் வரை ஒரு நாளாவது இரையும் வேண்டாம், தேனும் வேண்டாம்.

வயிறு ஒட்டி, கூண்டின் அடியில் கிடந்து, உணர்கொம்பும் தொங்கிப்போயிருந்தால் கதை வேறு. அதற்குத்தான் தண்ணீரும் தேன்நீரும்.

ஈக்கு வருகிறேன். எனக்கு இதில் பேச ஆசை அதிகம். கும்பிடுபூச்சி வளர்ப்பவர்களில் பலர் ஈயை ஒரு சாமான் மாதிரி வைத்திருக்கிறார்கள். கூட்டுப்புழுவை வாங்கி டப்பாவில் போட்டு, ஈ வெளிவந்ததும் அப்படியே கூண்டுக்குள் தட்டிவிடுவார்கள். கூட்டுப்புழுவிலிருந்து வந்த புதிதில் ஈயின் வயிறு காலி. ஒன்றும் குடிக்காத ஈ இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். அதுவரை கொஞ்சம் பறக்கும், அப்புறம் கூண்டின் அடியில் நடக்கும், கும்பிடுபூச்சி மேலே தொங்கிக்கொண்டு அதைப் பார்க்காமலே இருக்கும். பறக்கும் இரையை மட்டும் நம்பியிருக்கும், வயலின் வாத்தியம் போன்ற உடம்புள்ள 'வயலின்' கும்பிடுபூச்சி போன்றவற்றுக்கு இது பெரிய நஷ்டம்.

அதே ஈக்குத் தேன்நீர் கிடைத்தால் எல்லாம் மாறுகிறது. நான் ஈ டப்பாவின் மூடியில் துளையிட்டு, தேன்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத் துண்டைத் துளையில் செருகிவைப்பேன். பிழிய மறக்கக் கூடாது. சொட்டும் பஞ்சில் ஈக்கள் மூழ்கி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் குடித்த ஈயை வெளிச்சத்தில் பார்த்தால் வயிறு உப்பி, அடிப்பக்கம் வெளிறித் தெரியும். டப்பாவைத் தட்டினால் இரைச்சலோடு கிளம்பும். தேனோடு கொஞ்சம் மகரந்தத் தூளோ பால்பொடியோ சேர்த்தால் ஈயின் உடம்பில் புரதமும் ஏறும். பெண் ஈக்களின் வயிற்றில் முட்டையும் வளரும். முட்டை நிறைந்த ஈ கும்பிடுபூச்சிக்கு விருந்து. முட்டை வைக்கப்போகும் பெண் பூச்சிகளுக்கு நான் பிரித்து வைப்பது இந்த ஈக்களைத்தான்.

குடித்த ஈயை மாற்றுவதும் சுலபம். டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்தால் ஈக்கள் அசைவற்றுப்போகும். பிரஷால் தள்ளிக் கூண்டில் போடலாம். சூடு ஏறியதும் எழுந்து பறக்கும். உறைபெட்டியில் வைக்காதீர்கள், திரும்பி எழாது. பஞ்சைத் தினமும் மாற்றவேண்டும். நேற்றைய பஞ்சில் புளித்த வாசனை வந்துவிடும்.

சுவர்க்கோழி, கரப்பான் இவற்றுக்கும் இதே வழிதான். பழத்துண்டையும் கேரட்டையும் கீரையையும் இவற்றுக்குப் போடுங்கள். ஒரு நாள் தின்னவிட்டுப் பிறகு கும்பிடுபூச்சிக்குக் கொடுங்கள். "என் பூச்சிக்குப் பழம் கொடுக்க ஆசை" என்பவர்களின் ஆசையும் நிறைவேறிவிடுகிறது.

பழத்தை நேரடியாகக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாழைப்பழம், ஆப்பிள், முலாம்பழம் எல்லாவற்றிலும் சில பூச்சிகள் வாய் வைத்திருக்கின்றன. கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சிவிட்டு விட்டுவிடும். கெடுதலில்லை, பெரிய லாபமுமில்லை. கூண்டில் மறந்துபோன பழத்துண்டு மட்டும் மறுநாள் பூஞ்சை பிடிக்கும், சிற்றுண்ணிகள் வரும். பழத்தோல் அழுகிப் பழ ஈக்கள் மொய்த்தால், குஞ்சு வளர்ப்பவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அதைக் கூண்டுக்கு வெளியே, தனி டப்பாவில் நடத்துங்கள்.

இன்னொரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்கிறேன். வீட்டில் தேன் இல்லையென்று சர்க்கரை நோயாளிகளுக்கான இனிப்புப் பொடியைக் கரைத்துக் கொடுக்காதீர்கள், பூச்சிக்கும் சரி, அதன் இரைக்கும் சரி. எரித்ரிடால் என்ற இனிப்பு ஈக்களைக் கொல்லும் என்று 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. எரித்ரிடால் கலந்த இனிப்புப் பொடியைத் தின்ற பழ ஈக்கள் சராசரியாக 5.8 நாட்களே உயிரோடு இருந்தன. சாதாரண சர்க்கரையும் மற்ற இனிப்புகளும் தின்றவை 38 முதல் 51 நாள் வரை இருந்தன. டப்பாவில் ஈக்கள் காரணமில்லாமல் கொத்துக்கொத்தாகச் சாகின்றன என்றால் பஞ்சில் எதை ஊற்றினீர்கள் என்று ஒருமுறை பாருங்கள். குளிர்பானம், ஜாம், சாக்லேட், ஐஸ்கிரீம் இவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. வேண்டாம். தேன் இல்லாவிட்டால் வெள்ளைச் சர்க்கரை ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் கரைத்தால் போதும். நெருக்கடிக்கு அது தேன்நீர் செய்யும் வேலையையே செய்யும்.

கலக்கிய தேன்நீரைச் சேமித்து வைக்க நினைக்காதீர்கள். கெட்டித் தேன் கெடாமலிருப்பது தண்ணீர் குறைவாக இருப்பதால். நீர்த்துவிட்டால் நொதிக்க ஆரம்பித்துவிடும். நான் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் அளவுக்குத்தான் கலக்குகிறேன். அன்றைக்குத் தேவையானது போக மீதியை ஈக்களின் பஞ்சில் ஊற்றிவிடுவேன். கூண்டு இருக்கும் மேசைக்கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவது நல்லது. எறும்பு ஒருமுறை வழி கண்டுபிடித்துவிட்டால் தேனை மட்டும் எடுத்துக்கொண்டு போகாது, தோலுரித்து மெத்தென்று தொங்கும் குஞ்சையும் சேர்த்துத்தான் எடுத்துப்போகும்.